ஒற்றைச் செருப்பு மாப்பிள்ளை!

பெண் பார்க்கப் போகிற பையன் சிநேகிதனிடம் இரவல் வாங்கிய வாட்ச்சோடு போவான். கூலிங்கிளாஸோடு போவான். ஒரு காலில் மட்டும் செருப்போடு போனவன் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

2017 தை மாதம். ராசிபுரம். பஸ்ஸை விட்டு இறங்கி அம்மா, மாமா, நான் மூன்று பேரும் நடந்தே போனோம். வாசலில் நின்று வரவேற்ற பெண்ணின் சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இன்னொரு செருப்பு எங்கீங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறும் கால். எந்த இடத்தில் கழன்றது? சத்தியமாகத் தெரியாது. தார் ரோட்டில் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன், கல் குத்தியதுகூடத் தெரியவில்லை. மாமா திரும்ப ஓடி, ஒரு பழக்கடை ஓரம் அநாதையாகக் கிடந்ததை எடுத்து, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதோடு விட்டதா? சொஜ்ஜி, பஜ்ஜி வந்தது. மிளகாய் பஜ்ஜியை ஒரு கடி கடித்தேன். நாக்கில் தீ வைத்த மாதிரி எரிந்து கண்ணில் கரகரவென்று தண்ணீர். கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பெண்ணாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தரகர் பட்டும்படாமல் சொன்னார்: "பையன் மூஞ்சி மஞ்சளா வெளுத்துக் கிடக்குது, உள்ளுக்குள்ள என்னமோ சீக்கு இருக்கும்போலன்னு அபிப்ராயப்படறாங்க."

அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், என்னைச் சரியாகக் கவனித்த முதல் ஆள் அந்தச் சித்தப்பாதான்! அவருக்கு முன்னால் என் காசை வாங்கிய யாரும் என் காலைப் பார்க்கவே இல்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆத்தூர்ப் பக்கம் கிராமம். நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. 2011இல் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முட்டைகூட வாசல்படி தாண்டி உள்ளே வராது. நாமக்கல்லோ முட்டையாலேயே பிழைக்கிற ஊர். மீன் மார்க்கெட்டில் பூனை விரதம் இருக்கிற கதைதான் என் கதை.

பெண் பார்க்கப் போவதற்கு ஒரு வருஷம் முன்பே உடம்பு சரியில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. விரல் முட்டிகளெல்லாம் கறுத்துவிட்டன. ஆபீசில் நேற்றுப் போட்ட கணக்கு இன்று மறந்தது. ஊருக்குப் போனால் அம்மா, "ஏங்கண்ணு, கண்ணே மஞ்சப் பூத்துக் கிடக்குதே!" என்று கன்னத்தைத் தடவுவாள்.

மஞ்சள் என்றால் காமாலை. காமாலை என்றால் கீழாநெல்லி. ஒரு மாதம் குடித்தேன். உப்பில்லாப் பத்தியம் வேறு. அது சரிப்படவில்லை என்றதும் ரூம்மேட் சொன்னபடி இரும்பு டானிக், மூன்று மாதம். பலன் மறுநாள் காலை கறுப்பாகத் தெரிந்ததே தவிர, உடம்பில் தெரியவில்லை.

அடுத்துச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதைப் படிக்கிற இளவட்டங்களில் பாதிப் பேருக்காவது அந்தச் சுவர் விளம்பரம் மனப்பாடம் என்பதால் சொல்கிறேன். 'நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா?' மாதம் ஒரு நாள் லாட்ஜில் முகாம். கால் மரத்துப்போகிறது, அப்படியானால் நரம்புதானே என்று போனேன். இருட்டுக் காரிடாரில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர் என் நாக்கைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. பதினைந்து வயதில் என்ன செய்தேன் என்பதை மட்டும் குடைந்து குடைந்து கேட்டார். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு டப்பா லேகியம், ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. சிரிக்காதீர்கள். டப்பாவைக் காலி செய்தேன்.

நரம்பு கெட்டிருந்தது என்னவோ நிஜம்தான். காரணம்தான் வேறே.

மாமாதான் விடாமல் சேலத்துக்கு ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். வயதானவர். முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். மேலே சொரசொரப்பே இல்லாமல், மாட்டு ஈரல் மாதிரி சிவந்து வழவழவென்று இருந்ததாம். கண்ணை மூடி, இரண்டு காலையும் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றேன், அப்படியே மாமா மேல் சாய்ந்தேன். பிறகு இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அதிரவிட்டு, கணுக்காலில் வைத்தார்.

"அதிருதா தம்பி?"

"எதுங்க டாக்டர்?"

ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். "என்ன சாப்பிடறீங்க? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லுங்க." சொன்னேன். காலை இட்லி, வரக்காப்பி. மத்தியானம் மெஸ்ஸில் சாம்பார், ரசம். சாயங்காலம் வடை, மறுபடி வரக்காப்பி. ராத்திரி பரோட்டா, சால்னா வேண்டாம் என்று குருமா. வயிறு எரியும் என்பதால் தினம் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, நாலு வருஷமாக, நானே மெடிக்கலில் வாங்கியது.

ரத்த ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 6.8. ஆண்பிள்ளைக்கு 13 இருக்க வேண்டும். டாக்டரம்மா அதைப் பார்த்துத் திகைக்கவில்லை. வேறொரு எண்ணைப் பேனாவால் சுழித்தார். சிவப்பணுவின் பருமன். 80லிருந்து 100க்குள் இருக்க வேண்டியது எனக்கு 118.

"ரத்தம் கம்மி. ஆனா அணு ஒவ்வொண்ணும் குண்டு!" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பஞ்சத்தில் யாராவது குண்டாவார்களா?

அவர் விளக்கியதையும், பின்னால் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து என் பாஷையில் சொல்கிறேன். இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். நம் நாட்டில் சோகைக்குப் பெரிய காரணம் அதுதான், சந்தேகமில்லை. என்னுடையது வேறு ஜாதி. எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணு தயாராகிறது. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் தன்னிடமிருக்கிற டி.என்.ஏ. முழுவதையும் ஒரு நகல் எடுத்தாக வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு பத்திரம் மாதிரி. டி.என்.ஏ.வில் இருப்பது நாலே எழுத்து. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின்.

நான் ஆத்தூரில் டைப்ரைட்டிங் லோயர் படித்தபோது, எனக்கென்று ஒதுக்கிய மிஷினில் 'த' கீ வேலை செய்யாது. பக்கத்து எழுத்தைத் தட்டி ஒப்பேற்றுவேன். மாஸ்டர் பார்த்துவிட்டுத் தப்பான இடத்தையெல்லாம் சுழித்து, "மறுபடி அடி" என்பார். மறுபடியும் அதே மிஷின், அதே தப்பு. கடைசியில் தாளே கிழிந்துபோகும். என் மஜ்ஜையில் நடந்ததும் அச்சு அசல் அதுவே. தைமின் தயாரிக்க ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். அது கைக்குக் கிடைக்காவிட்டால் செல் அந்த இடத்தில் யுராசில் என்ற வேறு எழுத்தைப் போட்டுவிடுகிறது. ரிப்பேர் பார்க்கிற நொதி அதை வெட்டி எடுக்கிறது. மறுபடி யுராசில், மறுபடி வெட்டு. இழை அங்கங்கே அறுந்துபோகிறது. நகல் முடியாததால் செல் பிரிய முடியவில்லை. ஆனால் புரோட்டீன் தயாரிப்பு நிற்பதில்லை. அதனால் செல் உள்ளுக்குள் ஊதிக்கொண்டே போகிறது. பாதிக்கு மேல் மஜ்ஜையிலேயே செத்து உடைகின்றன. உடைந்ததிலிருந்து வெளியாகிற மஞ்சள் நிறமிதான் என் கண்ணில் தெரிந்தது. கீழாநெல்லி என்ன செய்யும், பாவம்!

"அப்ப எனக்கு ஃபோலேட் குறைவா டாக்டர்?"

"இல்லை. உங்க மெஸ் சாம்பார்லயே பருப்பு இருக்கு, கீரை இருக்கு. ஃபோலேட் வந்திருக்கு. மாட்டிக்கிட்டு நிக்குது."

நாமக்கல்காரனுக்கு இதை லாரியில் சொன்னால் சட்டென்று புரியும். ஃபோலேட் ஒரு லாரி. ரத்தத்தில் அது மெத்தில் என்ற லோடோடு வருகிறது. லோடை இறக்கினால்தான் காலி வண்டி தைமின் வேலைக்குப் போக முடியும். இறக்குகிற லோடுமேன் ஒரே ஒருத்தன், பி12. அவன் லீவு போட்டால் குடோன் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும், ஒன்றும் நகராது. ஊர் நிறைய ஃபோலேட் இருந்தும் பஞ்சம்.

இங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது. சோகை என்று கேட்டவுடனே கடையில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் வாங்கி விழுங்கினால், அது வேறு வழியாகக் காலி வண்டிகளை உள்ளே அனுப்புகிற மாதிரி. ரத்தம் ஊறிவிடும். முகம் தேறிவிடும். "குணமாயிட்டேன்" என்று ஆளும் சும்மா இருந்துவிடுவான். ஆனால் பி12க்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. நரம்பு என்கிற வயர் மேலே பிளாஸ்டிக் உறை மாதிரி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. அது கெடாமல் இருக்க பி12 வேண்டும். ஃபோலிக் ஆசிட் அந்த வேலையைச் செய்யாது. முகம் பளபளவென்றிருக்க, முதுகுத் தண்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும். செருப்பு கழன்றது தெரியாமல் போனதற்குக் காரணம் அந்த உறைதான்.

இந்த இரண்டு வைட்டமின்களும் வேறு வேறு என்று உலகம் தெரிந்துகொண்ட கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்று படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம்.

1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு டாக்டர்கள், பிழைக்கவே வழியில்லாத ஒருவகைச் சோகைக்கு தினம் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக அரைவேக்காட்டு ஈரல் கொடுத்து ஆட்களை எழுப்பி உட்காரவைத்தார்கள். 1934இல் நோபல் பரிசு. அதே ஊர் காஸில் என்பவர் ஒரு படி மேலே போனார். தான் மாட்டிறைச்சி சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதைத் தன் வயிற்றிலிருந்தே வெளியே எடுத்து, பக்குவம் செய்து, நோயாளிக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்! நோயாளி தேறினார். பி12ஐ உடம்பில் சேர்க்க வயிற்றில் ஊறுகிற ஒரு பொருளும் வேண்டும் என்று அப்படித்தான் தெரிந்தது. (நோயாளியிடம் விஷயத்தைச் சொன்னார்களா என்று கேட்காதீர்கள்.)

அதே சமயத்தில், 1928இல், லண்டனிலிருந்து லூசி வில்ஸ் என்ற பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். மில் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகள் கடும் சோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இங்கேயும் குண்டு சிவப்பணு. 1929இல் அவர் தன் ஆராய்ச்சியை நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்கு மாற்றிக்கொண்டார். 1931இல் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்றைக்கு அது அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. அந்த ஏழைப் பெண்களின் சாப்பாட்டையே எலிகளுக்கும், பிறகு குரங்குகளுக்கும் போட்டுப் பார்த்தார். சோகை பிடித்த குரங்குக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் பசை கொடுத்ததும் தேறியது. வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்கிற மலிவான கறுப்புப் பசை. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாளில் ரத்தம் ஊற ஆரம்பித்தது. 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 1931இல் அதை வெளியிட்டது. ஈரலைச் சுத்திகரித்து எடுத்த ஊசி மருந்து இந்தப் பெண்களுக்குப் பலிக்கவில்லை என்பதையும் கவனித்தார். அப்படியானால் இது வேறொரு சத்து! பெயர் தெரியாததால் 'வில்ஸ் ஃபாக்டர்' என்றே அழைத்தார்கள். 1941இல் டெக்சாஸில் நாலு டன் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது, லத்தீனில் இலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள்.

அதைத் தொழிற்சாலையில் செய்து காட்டிய குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? சென்னை மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். மெட்ரிகுலேஷனை மூன்றாவது தடவையில் பாஸ் செய்த ஆசாமி! (அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.) காதி உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தவர். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்து, தானும் அதில் விழுந்து பிழைத்தவர். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி கம்பெனியில் அவர் குழு ஃபோலிக் ஆசிட்டைத் தயாரித்தது. அந்த ஸ்ப்ரூ சோகைக்கு அது மருந்தாயிற்று! பிறகு ஒரு தலைகீழ் யோசனை. ஃபோலேட் கிடைக்காவிட்டால் செல் பிரியாது என்றால், கட்டுக்கடங்காமல் பிரிகிற ரத்தப் புற்றுநோய்ச் செல்லுக்கு அதை மறித்தால் என்ன? ஃபோலேட் மாதிரியே வேஷம் போட்ட மருந்துகளை அவர் குழு செய்து கொடுத்தது. 1947இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். சாகக் கிடந்த சில குழந்தைகள் தற்காலிகமாகவாவது எழுந்து நடந்தன. அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. சுப்பாராவ் 1948இல் காலமானார். அதே வருஷம்தான் பி12ம் சிவப்புப் படிகமாகக் கையில் கிடைத்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன். "எங்கம்மா பிறந்ததிலேர்ந்து முட்டையை மோந்துகூடப் பார்த்ததில்லை. அவங்களுக்கு வராதது எனக்கு எப்படி வந்துச்சு?"

"அம்மா மோர் குடிக்கறாங்களா?"

குடிக்கிறாள். வீட்டில் இரண்டு மாடு. தினம் தயிர், மோர், பால். எந்தச் செடியும் பி12 தயாரிப்பதில்லை. முருங்கைக்கீரை ஆகட்டும், உளுந்து ஆகட்டும், சேலத்து ஜவ்வரிசி ஆகட்டும், ஒரு துளி கிடையாது. ஆஞ்சநேயர் வடைமாலை முழுவதையும் தின்றாலும் தேறாது. அதைத் தயாரிக்கத் தெரிந்தவை பாக்டீரியா வகையறா மட்டும். மாட்டின் இரைப்பையில் கோடிக்கணக்கில் அவை உட்கார்ந்து தயாரிக்கின்றன. பால் வழியாக அம்மாவுக்குப் போகிறது. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள்: மனிதனின் சிறுகுடல் பாக்டீரியாவிலும் சில அதைத் தயாரிக்கின்றன. ஆனால் அதையே நம்பி உட்கார முடியாது, நானே சாட்சி.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் இரண்டு சொச்சம் பங்கு! ஈரலில் சேமிப்பும் உண்டு, சில வருஷத்துக்கு வரும். அம்மா ஊட்டிய தயிரை பிக்சட் டெபாசிட் மாதிரி வைத்துக்கொண்டு 2011இல் நாமக்கல் வந்தேன். வரக்காப்பியும் பரோட்டாவுமாக அதைத் தின்று தீர்த்தேன். போதாததற்கு அந்த கேஸ் மாத்திரை. சாப்பாட்டிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். நான் தினம் காசு கொடுத்து அதை அணைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக் கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் இது குறையலாமாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். முட்டை சாப்பிடுகிறவர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் சொச்சம்தான், அதிலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம். ஒரு பெரிய டம்ளர் பால் அதற்கு மேல்.

என் பி12 அளவு 90. இருநூறாவது இருக்க வேண்டுமாம்.

ஊசி ரோஸ் கலரில் இருந்தது. முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. விலை? லேகியத்துக்குக் கொடுத்த காசில் பல வருஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் நாக்கு எரிச்சல் போய், மிளகாய் பஜ்ஜி ருசித்தது. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது. மலைக்கோட்டைப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறினேன். கால்தான் லேசில் மசியவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி, பாய் கோரை பாதத்தில் உறுத்துவது தெரிந்து விழித்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் வந்ததில்லை. ஆனால் இடது கால் கட்டைவிரல் இன்றுவரை பாதி மரத்துத்தான் இருக்கிறது. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா முழுசாத் திரும்பியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வருஷத்தைத்தான் கீழாநெல்லியும் டானிக்கும் லாட்ஜும் தின்றுவிட்டன.

ராசிபுரம் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. நல்லா இருக்கட்டும். எனக்கும் 2019இல் ஆயிற்று. மனைவியிடம் செருப்புக் கதையை முதல் நாளே சொல்லிவிட்டேன். பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கித் தந்தாள்.

ஒன்று மட்டும் நினைத்தால் இன்னும் சிரிப்பும் எரிச்சலுமாக வருகிறது. ஊசி ஆரம்பித்த மாதம் ஆபீசில் சரக்கு ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, சுண்ணாம்புக் கல், பிறகு வைட்டமின் கலவை. அதன் லேபிளில் ஒரு வரி: பி12. சோளமும் சோயாவும் மட்டும் தின்றால் கோழிக்கு அது கிடைக்காது என்று தெரிந்து, மூட்டை மூட்டையாகக் கலக்கிறார்கள். ஆறு வருஷமாக அந்த ரிஜிஸ்டரை என் கையால் எழுதி, கூட்டி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பழைய ரூமில் இப்போது இரண்டு புதுப் பையன்கள். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். ஒருத்தன் மேஜை மேல் கேஸ் மாத்திரை அட்டை, பாதி காலி. "பாதம் குறுகுறுங்குதுண்ணா, ஷூ டைட்டா இருக்குமோ?" என்றான். நாக்கை நீட்டச் சொன்னேன். மறுநாள் காலையில் நானே பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்கவைத்தேன். ரிப்போர்ட் திங்கட்கிழமை தருகிறார்களாம்.